ஆறு இலக்க ஓடிபி நிக்க மாட்டேங்குது, அறுபது வருஷக் கணக்கு மறக்கல: வயசானா மூளைக்குள்ள என்னதான் நடக்குது?

திருச்சியில் இருந்து கொள்ளிடம் பாலம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டில் திரும்பினால் மண்ணச்சநல்லூர். பொன்னி அரிசி சாப்பிடுகிற யாருக்கும் இந்த ஊர்ப் பெயர் மூட்டையில் பார்த்துப் பழக்கமாகியிருக்கும். என் தாத்தா இங்கே ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். வயது 76. நெல்மணி ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்த்து, இன்னும் ஒரு வெயில் காயணுமா வேண்டாமா என்று இன்றைக்கும் சொல்லிவிடுவார். எத்தனை மூட்டை, என்ன விலை என்று சொன்னால் நான் போனில் கால்குலேட்டரைத் திறப்பதற்குள் மொத்தத் தொகை வந்துவிடும்.

போன மாதம் அவருடைய பேங்க் ஆப்பைப் புது போனுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஓடிபி அவருடைய பழைய போனுக்கு வந்தது. "நாலு, ஒன்பது, ரெண்டு..." என்று ஆரம்பித்தார். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் இருந்து அம்மாயி, "டீ போடவா, பால் காய்ச்சவா?" என்று கேட்டார். அவ்வளவுதான், எண் போச்சு. திரும்பப் பார்த்தார், திரும்பப் போச்சு. மூன்றாவது தடவை நேரம் முடிந்து ஓடிபியே செல்லாமல் போனது. தாத்தா போனைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு மூளை மழுங்கிப்போச்சு சாமி, நீயே பாத்துக்க" என்றார்.

உண்மையில் மழுங்கிப்போச்சா? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. மத்திய அரசின் மக்கள்தொகை கணிப்பின்படி 2021-ல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்து நாம்தான். 2031-ல் இது 18 சதவீதத்தைத் தாண்டும் என்பது அதே கணிப்பு. கிட்டத்தட்ட ஐந்து பேரில் ஒருவர். ஆனால் பேங்க், பென்ஷன், கேஸ் என்று எல்லாமே ஆறு இலக்க எண்ணை முப்பது விநாடி தலையில் வைத்திருக்கச் சொல்கின்றன.

அதென்ன வொர்க்கிங் மெமரி?

நினைவாற்றல் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது, பல தனித்தனி வேலைகள். தாத்தாவுக்குத் தெரிந்த வாய்ப்பாடு, மில் முதலாளிகளின் வம்ச வரலாறு, சைக்கிள் ஓட்டும் பழக்கம் எல்லாம் நீண்டகால நினைவு. குடோன் மாதிரி. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம். ஓடிபி போவது குடோனுக்கு இல்லை. ஒரு தகவலைச் சில விநாடிகள் கையில் பிடித்து, அதை வைத்து ஒரு வேலையைச் செய்து, முடிந்ததும் விட்டுவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் வொர்க்கிங் மெமரி, தமிழில் செயல்நினைவு. ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1974-ல் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள்.

அரிசி ஊரில் உட்கார்ந்து எழுதுவதால் எனக்கு இது முறம் மாதிரி தோன்றுகிறது. முறத்தில் கொஞ்சம்தான் கொள்ளும். ஆனால் அதில் அள்ளிப் போட்டுப் புடைக்கலாம், கல் பொறுக்கலாம், உமியைப் பறக்கவிடலாம். குடோனில் அதெல்லாம் முடியாது. எவ்வளவு கொள்ளும்? ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1956-ல் ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். 2001-ல் நெல்சன் கோவன், தந்திரம் எதுவும் செய்யாமல் பிடித்து வைக்க முடிவது நாலு துண்டு அளவுக்குத்தான் என்று குறைத்தார். இருபது வயதுக்காரருக்கும் இதே கதிதான். ஆறு இலக்கத்தை நாம் மூன்று மூன்றாகப் பிரித்து இரண்டு துண்டாக்கிச் சமாளிக்கிறோம்.

நம்ம ஊரில் இந்த முறத்தையே ஒரு கலையாக வளர்த்திருக்கிறார்கள். அவதானம் என்று பெயர். நாகர்கோவில் பக்கத்து இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டினார். நூறு பேர் நூறு விதமாகக் கேட்க, குறுக்கிட, எதையும் விடாமல் பதில் சொல்லும் நிகழ்ச்சி. 1874-ல் பிறந்தவர், அப்போது அவருக்கு முப்பதுகளின் தொடக்கம். அவதானத்தில் பயிற்சிக்கும், குடோனில் ஏற்கெனவே அடுக்கி வைத்த புலமைக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் ஒரே நேரத்தில் பலதைக் கையாளும் சக்தி உச்சத்தில் இருக்கிற வயது அது.

எப்போது குறைய ஆரம்பிக்கும்?

இங்கேதான் எனக்கே கொஞ்சம் பகீரென்றது. 60-ல் இல்லை. ஜோஷுவா ஹார்ட்ஷோர்ன், லாரா ஜெர்மைன் ஆகிய இருவரும் பல்லாயிரக்கணக்கானவர்களிடம் ஆன்லைனில் நடத்திய சோதனைகளின் முடிவை 2015-ல் வெளியிட்டார்கள். தகவலை வேகமாகக் கையாளும் திறன் 20 வயதை ஒட்டியே உச்சம் தொட்டு இறங்க ஆரம்பிக்கிறது. குறுகியகால நினைவு 25-ஐ ஒட்டி உச்சத்துக்கு வந்து, கொஞ்ச காலம் அப்படியே இருந்து, 35-க்குப் பிறகு இறங்குகிறது. அதே ஆய்வில் சொல்வளம் அறுபதுகளைத் தாண்டியும் ஏறிக்கொண்டிருந்தது. வெவ்வேறு வயதுக்காரர்களை ஒரே சமயத்தில் சோதித்த ஆய்வு என்பதால், தலைமுறைகளுக்கு இடையே படிப்பிலும் பழக்கத்திலும் இருக்கிற வித்தியாசமும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும். இருந்தாலும் திசை தெளிவு.

ஆக, தாத்தாவும் நானும் ஒரே சரிவில்தான் நிற்கிறோம். அவர் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எண்களைச் சொன்ன வரிசையிலேயே திருப்பிச் சொல்லச் சொன்னால் வயதானவர்களிடம் பெரிய இறக்கம் தெரிவதில்லை. அதையே பின்னாலிருந்து சொல்லுங்கள், நடுவில் இன்னொரு வேலையும் செய்யுங்கள் என்றால் இறக்கம் நன்றாகத் தெரியும். பிடித்து வைப்பதைவிட, பிடித்துக்கொண்டே புடைப்பதுதான் கஷ்டமாகிறது.

உமி பறக்க மாட்டேங்குது

2005-ல் ஆடம் கஸாலி குழு கலிஃபோர்னியாவில் ஒரு சோதனை செய்தது. சில முகங்களையும் இயற்கைக் காட்சிகளையும் கலந்து காட்டுவார்கள். "முகத்தை மட்டும் ஞாபகம் வைங்க, காட்சியை விட்டுடுங்க" என்பார்கள். அடுத்த சுற்றில் இதையே மாற்றிச் சொல்வார்கள். அப்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேனில் பார்த்தார்கள். வேண்டியதைக் கவனிக்கும்போது அதற்கான மூளைப் பகுதி கூடுதலாக இயங்கியது. இதில் இளைஞர்களுக்கும் வயதானவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. வேண்டாததைக் கவனிக்காமல் விடும்போது இளைஞர்களுக்கு அந்தப் பகுதி அடங்கியது. வயதானவர்களுக்கு அடங்கவில்லை. அப்படி அடக்க முடியாதவர்கள்தான் நினைவுச் சோதனையிலும் பின்தங்கினார்கள்.

தாத்தாவின் ஓடிபிக்கு என்ன ஆனது என்று இப்போது புரிகிறதா? எண்ணைப் பிடித்து வைக்க முடியாமல் போகவில்லை. டீயா பாலா என்ற கேள்வியும், சீரியல் மாமியாரின் அழுகையும் முறத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டன. நமக்கு அவை ஊதினால் பறந்துவிடும். அவருக்குப் பறக்கவில்லை.

ஸ்கேனில் இன்னொரு விஷயமும் தெரியும், அது கொஞ்சம் ஆச்சரியமானது. வொர்க்கிங் மெமரிக்கு முக்கியமான இடம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ். எழுத்துகளை நினைவில் வைக்கச் சொன்னால் இளைஞர்களுக்குப் பெரும்பாலும் இடதுபக்கம் வேலை செய்யும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பாட்ரிசியா ராய்ட்டர் லோரென்ஸ் குழு 2000-ல் காட்டியதுபோல, வயதானவர்களுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து இயங்குகிறது. முதலில் இதைத் தேய்மானத்தின் அடையாளம், மூளையின் கட்டுப்பாடு தளர்ந்துபோவதன் விளைவு என்றே பலர் நினைத்தார்கள். 2002-ல் ராபர்ட்டோ கபேசாவும் சகாக்களும் வயதானவர்களை நினைவுத் திறனைப் பொறுத்து இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கத்தையும் பயன்படுத்தியவர்கள் நன்றாகச் செய்த குழுவினர். சுமாராகச் செய்தவர்கள் இளைஞர்கள் மாதிரி ஒரே பக்கத்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

ஒரு ஆள் தூக்கின மூட்டையை ரெண்டு பேர் சேர்ந்து தூக்குகிற மாதிரி. மூட்டை லாரியில் ஏறிவிடும். சிக்கல், மூட்டை கனமாகும்போது வருகிறது. இளைஞருக்கு அப்போதுதான் இரண்டாவது ஆள் வருவார். தாத்தாவுக்கு இரண்டாவது ஆள் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார், கூப்பிட மூன்றாவது ஆள் இல்லை. லேசான வேலையில் வயதான மூளை அதிகமாக இயங்குவதும், கடினமான வேலையில் சட்டென்று கைவிடுவதும் ஏன் என்பதற்கு ராய்ட்டர் லோரென்ஸும் கேத்தரீன் கப்பெலும் 2008-ல் கொடுத்த விளக்கம் ஏறக்குறைய இதுதான்.

இதையெல்லாம் சரிசெய்ய முடியாதா என்று தேடினால் 2019-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு ஆய்வு கண்ணில் படும். தலைமேல் மின்முனைகளை வைத்து, மூளையின் முன்பகுதிக்கும் பக்கவாட்டுப் பகுதிக்கும் இடையில் அறுந்துபோன தாளத்தை 25 நிமிட மெல்லிய மின்தூண்டலால் மறுபடி இணைத்தார்கள். அறுபது, எழுபது வயதுக்காரர்கள் இருபது வயதுக்காரர்கள் அளவுக்குச் செய்தார்கள், அதுவும் தூண்டல் முடிந்து 50 நிமிடம் வரைக்கும். நல்ல செய்திதான். ஆனால் அது ஆய்வகத்தில் நடந்த ஒரு சோதனை, சிகிச்சை இல்லை. இன்ஸ்டாகிராமில் வரும் 'பிரெயின் பூஸ்ட்' ஹெட்பேண்டை தாத்தாவுக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள். மூளைப் பயிற்சி ஆப்கள் கதையும் கிட்டத்தட்ட அப்படியே. 'லுமோசிட்டி' நிறுவனம் வயதான காலத்து மறதியைத் தடுக்கும் என்பதுபோல விளம்பரம் செய்ததற்காக 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். பிடித்தால் போடலாம்.

மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்

இந்த அறிவியலைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது போன் மோசடிகள். பிரதமரே 2024 அக்டோபரில் 'மன் கி பாத்' உரையில் எச்சரித்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். போனைத் துண்டிக்கக் கூடாது. யாரிடமும் பேசக் கூடாது. உடனே செய்ய வேண்டும். உங்கள் ஆதார் எண், வழக்கு எண், அதிகாரி பெயர், கணக்கு எண் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டுவார்கள். முறம் நிரம்பி வழிகிறது. "சிபிஐ எதுக்கு வீடியோ கால்ல வர்றான்?" என்று கேட்கும் அறிவு குடோனில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதை எடுத்து வந்து வைக்க முறத்தில் இடமில்லை. படித்த, பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் ஏமாறும்போது "இவருக்குக்கூடவா?" என்று சிரிக்கிறோம். ஏமாறுவதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தம் குறைவு.

அதனால் வீட்டுப் பெரியவர்களுக்கு நீளமான அறிவுரைப் பட்டியல் வேண்டாம். ஒரே ஒரு விதி போதும்: பணம் என்ற வார்த்தை வந்தால் போனை வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். போனை வைப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற தலைமுறை அது. மரியாதைக் குறைவு இல்லை என்று நாம்தான் சொல்ல வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930.

பேங்க் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடிப்படை வங்கிச் சேவைகளை வீட்டிலேயே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நான் எங்கள் வீட்டுக்காகக் கேட்டபோது, கவுன்ட்டரில் இருந்தவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். எந்த வங்கி, எந்தக் கிளை என்பது வேண்டாம். ஆனால் கேளுங்கள்.

எது வயசு, எது நோய்?

ஓடிபி மறப்பது, பக்கத்து அறைக்குப் போய் "எதுக்கு வந்தேன்?" என்று நிற்பது, பெயர் நாக்கு நுனியில் நின்றுவிட்டு அரை மணி நேரம் கழித்து வருவது, இதெல்லாம் வயசு. இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பவற்றைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வேறு, சாவி எதற்கு என்று தெரியாமல் விழிப்பது வேறு. ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் நாலு தடவை கேட்பது, நாற்பது வருடம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது, வாழ்க்கை முழுக்கக் கணக்கு பார்த்தவர் மளிகைக்கடையில் சில்லறை எண்ணத் தடுமாறுவது, சாந்தமானவர் திடீரென்று சந்தேகக்காரராக மாறுவது. இவற்றில் ஏதாவது சில மாதங்களாகக் கூடிக்கொண்டே போனால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

குழப்பம் இரண்டே நாளில் வந்தால் அது அவசரம். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது போன்ற காரணங்களாலும் முந்தாநாள் வரை நன்றாக இருந்தவர் பிள்ளையையே அடையாளம் தெரியாமல் பேசலாம். வாய் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது சேர்ந்து வந்தால் பக்கவாதம், ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. உடனே 108.

எல்.ஏ.எஸ்.ஐ என்ற நாடு தழுவிய முதியோர் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 2023-ல் வெளியான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். அப்படியென்றால் 60 தாண்டியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு டிமென்ஷியா இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பெண்கள், கிராமம் என்று வரும்போது ஒரு பழைய சிக்கலும் கூடவே வருகிறது. இந்தச் சோதனைகள் யாருக்காக எழுதப்பட்டவை? உலகம் முழுக்கப் பயன்படும் எம்.எம்.எஸ்.இ சோதனை 1975-ல் அமெரிக்காவில் உருவானது. நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாக எழுத்துக் கூட்டு, ஒரு வாக்கியம் எழுது என்று கேட்கும். பள்ளிக்கூடம் போகாத என் அம்மாயி இதில் பாதிக்கு மேல் கோட்டைவிட்டுவிடுவார். ஆனால் ஒரே நேரத்தில் நாலு அடுப்பையும் பதினைந்து பேர் பந்தியையும் சமாளித்தவர் அவர். அதைவிடப் பெரிய வொர்க்கிங் மெமரி சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. ஹரியானாவின் பல்லப்கரில் மேரி கங்குலி தலைமையிலான குழு 1990-களில் இதை உணர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்தும்படி சோதனையை மாற்றி அமைத்தது. எழுத்துக் கூட்டுவதற்குப் பதிலாக வாரநாட்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். எழுதியிருப்பதைப் படித்துச் செய் என்பதற்குப் பதில், நான் செய்வதைப் பார்த்துச் செய் என்றார்கள். பரிசோதனை செய்பவரிடம், "இவங்க ஸ்கூல் போனதில்லை" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரியம்மாயியின் காது

அம்மாயியின் அக்காவை நாங்கள் பெரியம்மாயி என்போம். இரண்டு வருடமாகக் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டார். கல்யாண வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். ஒரு கிளினிக்கில் காட்டியபோது, "வயசானா இப்படித்தான்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாங்களும் அதையே நம்பினோம். கடைசியில் வேறொரு டாக்டர் காதைப் பரிசோதிக்கச் சொன்னார். இரண்டு காதும் பாதிக்கு மேல் போயிருந்தது. தூக்கத்துக்கென்று யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த மாத்திரையையும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தார்.

காது சரியாகக் கேட்காதபோது, 'சொன்னது பழமா படமா?' என்று ஊகிப்பதற்கே முறம் முழுவதும் செலவாகிவிடும். சொன்ன விஷயத்தை யோசிக்க இடம் மிஞ்சாது. அமெரிக்காவில் 'அச்சீவ்' என்ற பரிசோதனை காது மெஷின் தந்து மூன்று வருடம் கவனித்து, 2023-ல் முடிவை வெளியிட்டது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த பிரிவினரிடம் மூளைத்திறன் சரிவு 48 சதவீதம் மெதுவானது. பெரியம்மாயிக்கு மெஷின் வைத்து, மாத்திரையை டாக்டர் படிப்படியாக நிறுத்தினார். அற்புதம் எதுவும் நடக்கவில்லை, மறதி இன்னும் இருக்கிறது. ஆனால் பொங்கலுக்கு எங்கள் எல்லோரையும் திட்டினார். இரண்டு வருடம் கழித்துக் கேட்ட திட்டு.

இதேபோலத் திருத்தக்கூடிய காரணங்கள் இன்னும் இருக்கின்றன. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, குறட்டையோடு வரும் தூக்கக் கோளாறு. முதல் இரண்டும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். 'லான்செட்' குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கை, டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது. காது, பார்வை, பிரஷர், சர்க்கரை, கெட்ட கொலஸ்ட்ரால், புகை, மது, தனிமை, காற்று மாசு எல்லாம் அதில் வருகின்றன. தலைக்காயமும் உண்டு. டோல்கேட் ரவுண்டானாவில் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மூளைக்கும் அதுதான் மாத்திரை என்று சொன்னால் தாத்தா இன்னும் கொஞ்சம் ஒழுங்காகப் போடுவார் என்று நினைக்கிறேன்.

எங்கே காட்டுவது? முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து தேவைப்பட்டால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது, யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567.

போன வாரம் மறுபடி மண்ணச்சநல்லூர் போயிருந்தேன். ஆப் வேலை பாதியிலேயே நின்றிருந்தது. இந்தத் தடவை டிவியை அணைத்தேன். தாத்தா, மில் காலத்தில் இருந்து காதுக்குப் பின்னால் சொருகி வைக்கும் பென்சிலை எடுத்து, தினசரி காலண்டரில் இருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஆறு எண்ணையும் எழுதினார், மூன்றுக்குப் பிறகு ஒரு சின்னக் கோடு போட்டு. நிதானமாகப் பார்த்துப் பார்த்து அடித்தார். முதல் தடவையிலேயே உள்ளே போய்விட்டது. ஓடிபி கொஞ்ச நேரத்தில் செல்லாமல் போய்விடும் என்பதால் தாளில் எழுதுவதில் பயமில்லை, பின் நம்பரை மட்டும் இப்படி எழுதி வைக்கக் கூடாது என்றேன்.

"அது தெரியும் போ" என்றார் தாத்தா. "அது உங்கம்மாயி பொறந்த வருஷம்."

அதை மாற்றத்தான் இன்னொரு ஓடிபி வரவேண்டியிருந்தது.